முன்கூட்டியே கம்பைல் செய்த ஜேஎஸ்பி: லாகில் வரும் ஜாவா வரி எண்ணிலிருந்து மூல வரிக்குப் போவது எப்படி?

வடக்குத்தெரு எழுதியது:

வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்களுடையது பழைய ஜாவா வெப் அப்ளிகேஷன். சுமார் 300 ஜேஎஸ்பி பக்கங்கள் (எச்டிஎம்எல்லோடு ஜாவா கலந்து எழுதியவை), டாம்கேட் 9 சர்வரில் ஓடுகிறது. முன்பெல்லாம் ஜேஎஸ்பிகளை அப்படியே வார் கோப்பில் வைத்து அனுப்பிவிடுவோம், யாராவது முதல்முறை பக்கத்தைத் திறக்கும்போது டாம்கேட்டே அதை ஜாவாவாக மாற்றிக் கம்பைல் செய்துகொள்ளும். அப்படித் திறப்பவர் காத்திருக்க வேண்டியிருந்தது ஒரு பக்கம், அதைவிட மோசம், தப்பாக எழுதிய பக்கம் ஒன்று இருந்தால் யாராவது போய்த் திறக்கும் வரை அது தப்பு என்றே தெரியாது. அதனால் போன மாதம் பில்டிலேயே எல்லா பக்கங்களையும் கம்பைல் செய்யும் முறைக்கு மாறினோம். ஆன்ட் என்ற பில்ட் கருவியில், டாம்கேட்டின் ஜேஎஸ்பி கம்பைலரான ஜாஸ்பரின் ஜேஎஸ்பிசி டாஸ்க், அது ஜாவா கோப்புகளை ஒரு ஃபோல்டரில் எழுதும், அதன் பிறகு வழக்கமான ஜாவா-சி டாஸ்க் அவற்றை கிளாஸ் கோப்புகளாக்கும், எந்த முகவரிக்கு எந்த கிளாஸ் என்று ஜேஎஸ்பிசி எழுதித் தரும் சர்வ்லெட் மேப்பிங் துண்டை வெப்.எக்ஸ்எம்எல்-க்குள் சேர்த்துவிடுவோம். இதுவரை எல்லாம் சரி.

இப்போது பிரச்சினை. ஆர்டர்-லிஸ்ட்.ஜேஎஸ்பி என்ற பக்கத்தில் சிலருக்கு மட்டும் நல் பாயிண்டர் எக்செப்ஷன் வருகிறது. லாகில் இருப்பது ஆர்டர்_002டிலிஸ்ட்_ஜேஎஸ்பி.ஜாவா, வரி 487. எங்கள் ஜேஎஸ்பியில் மொத்தமே 212 வரிதான். அந்த 487 இருக்கும் ஜாவா கோப்பு பில்ட் முடிந்ததும் அழிந்துவிடுகிறது. என் கணினியில் மறுபடி ஜேஎஸ்பிசி ஓட்டி அதே கோப்பை உருவாக்கிப் பார்த்தேன், 487-ஆவது வரியில் ஒரு மூடும் அடைப்புக்குறி மட்டும் இருக்கிறது. அதிலிருந்து எப்படி நல் பாயிண்டர் வரும்? கம்பைல் செய்யாமல் ஜேஎஸ்பியாகவே ஓட்டினால் டாம்கேட்டின் பிழைப் பக்கம் அழகாக ஜேஎஸ்பி வரி எண்ணையும் சுற்றியுள்ள சில வரிகளையும் காட்டும், அதே பிழை அங்கே வரவைத்தால் போதும், ஆனால் எங்கள் டெஸ்ட் டேட்டாவில் அது வர மாட்டேன் என்கிறது. வெப்.எக்ஸ்எம்எல்-இல் டெவலப்மென்ட் மோடை ஆன் செய்து பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை.

ஐடிஇயில் ரிமோட் டீபக் போட்டாலும் ஜேஎஸ்பியில் வைத்த பிரேக்பாயிண்ட் பிடிப்பதில்லை. முன்பு பிடித்தது.

கம்பைல் செய்யும்போதே எந்த ஜேஎஸ்பி வரி எந்த ஜாவா வரியானது என்று எங்காவது எழுதி வைக்க வழி உண்டா?

---

செம்பருத்தி எழுதியது:

வழி உண்டு, அது ஜாஸ்பரிலேயே இருக்கிறது, ஆனால் நீங்கள் அமைத்திருக்கும் பில்டில் அது இரண்டு இடத்தில் தொலைகிறது.

ஜாஸ்பர் ஒவ்வொரு பக்கத்துக்கும் எஸ்மேப் என்ற ஒரு வரைபடம் தயாரிக்கும். ஜேஎஸ்பியின் இந்த வரி ஜாவாவின் இந்த வரி என்று. ஆனால் சர்வரில் ஓடும்போது கம்பைல் செய்தால் அது இயல்பாகவே ஆன், ஜேஎஸ்பிசி வழியாகச் செய்தால் இயல்பாகவே ஆஃப். ஜேஎஸ்பிசிக்குள் எஸ்மேப்-சப்ரெஸ்ட் என்ற அமைப்பு ட்ரூவாக இருக்கிறது, அதை ஆன்ட் டாஸ்க்கில் ஃபால்ஸ் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். கமாண்ட் லைனில் ஓட்டுபவர்கள் மைனஸ் போட்டு எஸ்மேப் என்று கொடுக்க வேண்டும். நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது, ஏனென்றால் அதுவரை வேலை செய்த பிரேக்பாயிண்ட் திடீரென்று போனதும் எல்லோரும் ஐடிஇயைத்தான் சந்தேகப்படுவார்கள்.

இரண்டாவது, நீங்கள் ஜாவா கோப்புகளைத் தனியாக ஜாவா-சிக்குக் கொடுக்கிறீர்கள். எஸ்மேப் ஜாவா கோப்புக்குள் இருப்பதில்லை. கம்பைல் முடிந்து கிளாஸ் கோப்பு பிறந்த பிறகு ஜாஸ்பரே அதைத் திறந்து உள்ளே செருகும். ஜாவா-சிக்கு எஸ்மேப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே சப்ரெஸ்டை ஃபால்ஸ் ஆக்கினாலும் உங்கள் முறையில் கிளாஸுக்குள் எதுவும் போய்ச் சேராது. ஜேஎஸ்பிசி டாஸ்க்கிலேயே கம்பைல் என்ற அமைப்பை ட்ரூ ஆக்குங்கள், அதற்கு எக்லிப்ஸின் ஜாவா கம்பைலரான ஈசிஜே ஜார் கிளாஸ்பாத்தில் இருக்க வேண்டும். கிளாஸ் கோப்புகள் ஜாவா கோப்புகளின் பக்கத்திலேயே வந்து விழும், அவற்றை வெப்-இன்ஃப் கீழுள்ள கிளாசஸ் ஃபோல்டருக்கு நகர்த்த ஒரு காப்பி டாஸ்க் எழுதுங்கள்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, கிளாஸ் கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்டும் ஜாவா-பியை வி ஆப்ஷனோடு அந்த கிளாஸ் மேல் ஓட்டுங்கள். சோர்ஸ் டீபக் எக்ஸ்டென்ஷன் என்ற தலைப்பில் வரைபடம் முழுக்கத் தெரிய வேண்டும்.

டெவலப்மென்ட் மோட் பற்றி: அது ஜேஎஸ்பி சர்வ்லெட்டின் அமைப்பு. முன்கூட்டியே கம்பைல் செய்த பக்கம் அந்த சர்வ்லெட் வழியாகப் போவதே இல்லை, உங்கள் வெப்.எக்ஸ்எம்எல் மேப்பிங் நேராக அந்த கிளாஸுக்கே அனுப்பிவிடுகிறது. அழகான அந்தப் பிழைப் பக்கம் ஜேஎஸ்பி சர்வ்லெட் தருவது, பக்கத்தைக் கம்பைல் செய்தபோது கிடைத்த விவரம் நினைவகத்தில் இருப்பதால்தான் அதற்கு வரி தெரிகிறது. உங்களிடம் அந்த விவரம் இல்லை.

---

வடக்குத்தெரு எழுதியது:

மிக்க நன்றி செம்பருத்தி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஜாவா-பியில் வரைபடம் தெரிகிறது, ரிமோட் டீபக்கில் ஜேஎஸ்பியின் பிரேக்பாயிண்டும் பிடிக்கிறது. மனது கொஞ்சம் ஆறியது.

ஆனால் லாக் மாறவில்லை. புதிய பில்டை டெஸ்ட் சர்வரில் போட்டு வேண்டுமென்றே ஒரு பக்கத்தில் பிழை வைத்தேன், ஸ்டேக் டிரேஸில் இன்னும் ஜாவா கோப்பின் பெயரும் ஜாவா வரி எண்ணும்தான் வருகின்றன. கிளாஸுக்குள் வரைபடம் இருக்கும்போது ஏன் அதைப் பயன்படுத்தவில்லை? புரொடக்‌ஷனில் நான் டீபக்கர் மாட்ட முடியாது, எனக்கு லாக் மட்டும்தான்.

---

பழைய டாம்கேட் எழுதியது:

ஏன் பயன்படுத்தவில்லை என்றால், கிளாஸை ஓட்டும் ஜேவிஎம்முக்கு அது வேண்டியதில்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் அப்புறம் எல்லாம் சுலபம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கிளாஸ் கோப்புக்குள் வரி பற்றிய தகவல் இரண்டு தனித்தனி இடங்களில் இருக்கிறது. ஒன்று லைன் நம்பர் டேபிள், ஒவ்வொரு மெத்தடுக்கும் உண்டு, இந்த பைட்கோடு இந்த ஜாவா வரியிலிருந்து வந்தது என்று சொல்லும். எக்செப்ஷன் எறியப்படும்போது ஜேவிஎம் பார்ப்பது இதையும், கோப்பின் பெயரைச் சொல்லும் சோர்ஸ் ஃபைல் குறிப்பையும் மட்டும்தான். மற்றொன்று சோர்ஸ் டீபக் எக்ஸ்டென்ஷன், அதுதான் எஸ்மேப் உட்காரும் இடம். 2003-இல் இறுதியான ஜேஎஸ்ஆர் 45 என்ற ஜாவா தரநிலை இதை வகுத்தது, அதன் நோக்கமே டீபக்கர்கள். ஜேவிஎம் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, கேட்கிற டீபக்கருக்கு அப்படியே எடுத்துக் கொடுக்கும், ஜேஎஸ்பி என்ற அடுக்கில் இந்த இடம் எந்த வரி என்று கணக்குப் போடுவது டீபக்கர் பக்கத்து வேலை. ஆகவே நீங்கள் என்ன செய்தாலும் ஸ்டேக் டிரேஸ் தானாக மாறாது. அதை நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

அதற்கு முன் உங்கள் 487-க்கு வருகிறேன். மறுபடி உருவாக்கிய கோப்பில் 487 அடைப்புக்குறியாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதுவே ஒரு துப்பு. பில்ட் சர்வரில் இருக்கும் டாம்கேட் ஜார்களும் உங்கள் கணினியில் இருப்பவையும் ஒரே பதிப்பா என்று பாருங்கள். ஜாஸ்பர் பதிப்புக்குப் பதிப்பு கோப்பின் தலைப்பகுதியில் எழுதும் வரிகளைக் கூட்டிக் குறைத்திருக்கிறது, அதில் இரண்டு வரி கூடினால் கீழே எல்லாமே இரண்டு தள்ளிப் போகும். உருவாக்கிய ஜாவா கோப்பின் ஆரம்பக் குறிப்பிலேயே டாம்கேட் பதிப்பும் உருவான நேரமும் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைக்கு உருவாக்கிய கோப்பின் 487 அன்றைக்குக் கம்பைலான கோப்பின் 487 ஆக இருக்க வேண்டும் என்று எந்த உறுதியும் கிடையாது. எந்த பில்ட் புரொடக்‌ஷனுக்குப் போனதோ அதே பில்டில் பிறந்த வரைபடம்தான் செல்லும்.

இப்போது எஸ்மேப்பைப் படிப்பது. பயப்பட ஒன்றுமில்லை, வெறும் எழுத்துக் கோப்பு. முதல் வரி எஸ்மேப் என்ற சொல், இரண்டாவது உருவான ஜாவா கோப்பின் பெயர், மூன்றாவது இயல்பான அடுக்கின் பெயர், அதாவது ஜேஎஸ்பி. அப்புறம் நட்சத்திரக் குறியோடு தொடங்கும் பகுதிகள். எஃப் பகுதியில் மூலக் கோப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உங்கள் பக்கத்தின் எண் 0. இன்க்ளூட் டைரக்டிவ் போட்டு உள்ளே இழுத்த துண்டுகள் 1, 2 என்று போகும். எல் பகுதியில்தான் வரிகள்:

58#1,4:485

இதன் பொருள், 1-ஆம் எண் கோப்பின் 58-ஆவது வரியில் தொடங்கி 4 வரிகள், ஜாவாவில் 485-இலிருந்து வரிக்கு ஒரு வரியாக இறங்குகின்றன. அப்படியானால் 58 என்பது 485, 59 என்பது 486, 60 என்பது 487. ஸ்கிரிப்ட்லெட்டுகளை, அதாவது பக்கத்துக்குள் நேரடியாக எழுதும் ஜாவா துண்டுகளை, ஜாஸ்பர் அப்படியே நகல் எடுப்பதால் அவை இப்படி நேருக்கு நேர் வரும். கஸ்டம் டேக், அதாவது ஃபார்-ஈச் போல லைப்ரரியிலிருந்து வரும் டேக், என்றால் ஒரே வரி பல ஜாவா வரிகளாக விரியும், அப்போது கடைசியில் இன்னோர் எண் சேரும்:

12:140,6

12-ஆவது வரி ஒன்று, ஜாவாவில் 140 முதல் 145 வரை ஆறு வரிகள். இங்கே எண்குறி போட்டுக் கோப்பின் எண் எழுதவில்லை, கவனியுங்கள். எழுதாவிட்டால் 0 என்று அர்த்தமில்லை, அதற்கு முன்னால் கடைசியாக எந்தக் கோப்பு எண் வந்ததோ அதுவே தொடர்கிறது. எஸ்மேப் படிக்கும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான், நானும் செய்து ஒரு நாள் முழுக்கத் தவறான கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோப்பு எண்ணைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பக்கத்தில் இன்க்ளூட் டைரக்டிவ் இருந்தால் பிழை ஆர்டர்-லிஸ்டிலேயே இல்லாமல் போகலாம். டைரக்டிவாக இன்க்ளூட் செய்தால் துண்டின் உள்ளடக்கம் அதே கிளாஸுக்குள் கலந்துவிடும், ஸ்டேக் டிரேஸில் தாய்ப் பக்கத்தின் பெயர்தான் வரும். ஜேஎஸ்பி இன்க்ளூட் ஆக்‌ஷன் டேக் வேறு, அதில் துண்டு தனி சர்வ்லெட், தனி கிளாஸ், லாகிலும் அதன் பெயரே வரும்.

இன்னொன்று. விகிதம் போட்டு, 487-இல் பாதி என்று ஜேஎஸ்பியில் தேடாதீர்கள். உள்ளே ஸ்கிரிப்ட்லெட் இல்லாத கஸ்டம் டேக்குகளை ஜாஸ்பர் தனி மெத்தடாக எழுதிக் கோப்பின் அடியில் கொண்டுபோய் வைக்கும், அதனால் பக்கத்தின் 20-ஆவது வரியில் இருக்கும் ஃபார்-ஈச் ஜாவாவில் 200-ஆவது வரி ஸ்கிரிப்ட்லெட்டுக்கும் கீழே இருக்கலாம். ஆனால் அந்த மெத்தடின் பெயரே உதவும். ஸ்டேக் டிரேஸில் ஜேஎஸ்பிஎக்ஸ்-மெத் என்று தொடங்கி, டேக்கின் பெயர் நடுவில், கடைசியில் ஓர் எண் இருந்தால், அந்தப் பக்கத்தில் அதே வகை டேக் எத்தனையாவது என்பது அந்த எண், 0-இலிருந்து தொடங்கும். நடுவில் 005எஃப் என்று வருவது அடிக்கோட்டின் யூனிகோடு எண், உங்கள் கோப்புப் பெயரில் ஹைஃபன் 002டி ஆனது போலத்தான். வரைபடமே இல்லாத பழைய லாகுகளில் எனக்கு இது பல தடவை கைகொடுத்திருக்கிறது.

---

செம்பருத்தி எழுதியது:

பழைய டாம்கேட் சொன்னதோடு ஒரு சேர்க்கை. ஆன்ட்டின் ஜாவா-சி டாஸ்க்கில் டீபக் என்பது இயல்பாக ஆஃப். அப்படியே விட்டால் லைன் நம்பர் டேபிளே எழுதப்படாது, லாகில் எண்ணுக்குப் பதிலாக அன்னோன் சோர்ஸ் என்று வரும். வடக்குத்தெருவுக்கு 487 கிடைத்திருக்கிறது, ஆகவே அவர் ஆன் செய்திருக்கிறார். படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

---

கரிசல் எழுதியது:

இதே வேலையை எங்கள் இடத்தில் செய்து முடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம், எப்படி என்று எழுதுகிறேன்.

லாக் எழுதும் இடத்துக்கு முன்னால் சின்ன வகுப்பு ஒன்று. எக்செப்ஷன் வந்ததும் அதன் ஸ்டேக்கில் ஒவ்வோர் அடுக்காகப் பார்க்கும், கிளாஸ் பெயர் ஆர்க்.அப்பாச்சி.ஜேஎஸ்பி என்று தொடங்கினால் மட்டும் வேலை செய்யும். அந்த கிளாஸின் பைட்டுகளைக் கிளாஸ்லோடரிடமிருந்தே ஸ்ட்ரீமாக வாங்கி, கிளாஸ் கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் ஏஎஸ்எம் லைப்ரரியின் கிளாஸ் ரீடருக்குக் கொடுக்கும். ஏஎஸ்எம்மில் விசிட்-சோர்ஸ் என்ற மெத்தடுக்கு இரண்டு மதிப்பு வரும், முதலாவது கோப்புப் பெயர், இரண்டாவதுதான் எஸ்மேப் முழுவதும். அதைப் பாகுபடுத்தி, கோப்பும் வரியும் கண்டுபிடித்து, புதிய ஸ்டேக் டிரேஸ் எலிமென்ட் ஒன்று செய்து பழையதன் இடத்தில் வைத்துவிடும். எங்கள் குறியீடு 150 வரிக்குள்தான்.

இதில் நாங்கள் அடிபட்டுக் கற்றவை சில. கிளாஸ் ரீடரை வேகத்துக்காக ஸ்கிப்-டீபக் கொடியோடு ஓட்டினோம், எஸ்மேப் வரவே இல்லை, அந்தக் கொடி டீபக் தகவல் எல்லாவற்றையும் தாண்டிவிடும், அதற்குள் எஸ்மேப்பும் அடக்கம். ஸ்கிப்-கோடு மட்டும் போடுங்கள், அது போதும். ஒவ்வொரு எக்செப்ஷனுக்கும் கிளாஸைத் திறந்து படிக்காதீர்கள், ஒரு தடவை படித்ததை கிளாஸ் பெயர் வாரியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிழை மழையாகக் கொட்டும் நேரத்தில்தான் சர்வர் ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும். டாலர் குறி வரும் உள் கிளாஸ்களுக்கு அதன் சொந்த கிளாஸ் கோப்பைத் திறக்க வேண்டும், வெளி கிளாஸின் வரைபடத்தை வைத்துத் தேடக்கூடாது. அப்புறம் வரைபடத்தில் இல்லாத ஜாவா வரி வந்தால் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பேஜ் கான்டெக்ஸ்ட் வாங்குவது, பஃபரைக் காலி செய்வது போன்றவை ஜாஸ்பர் தானாக எழுதுபவை, அவற்றுக்கு ஜேஎஸ்பியில் மூல வரி கிடையாது, பக்கத்து வரியைப் போட்டு நிரப்பினால் படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்புவோம்.

எங்களிடம் இன்னொரு வழக்கம், பழைய ஜாவா வரி எண்ணையும் அதே வரியில் பக்கத்தில் எழுதிவைக்கிறோம். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் மூலத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

ஜேஎஸ்பிசிக்குள்ளேயே கம்பைல் செய்ய முடியாதவர்கள், அதாவது ஏதோ காரணத்துக்காக ஜாவா-சிதான் வேண்டும் என்பவர்கள், எஸ்மேப்பைத் தனிக் கோப்பாக எழுதச் சொல்லலாம், அதற்கு டம்ப்-எஸ்மேப் ஆப்ஷன் இருக்கிறது. ஜாவா-சி முடிந்த பிறகு அதே ஏஎஸ்எம் விசிட்-சோர்ஸைத் திருப்பிப் பயன்படுத்தி அந்த எழுத்தைக் கிளாஸுக்குள் செருகிவிடலாம். ஒரே நிபந்தனை, ஜாவா-சிக்குப் போவது ஜேஎஸ்பிசி எழுதிய அதே ஜாவா கோப்பாக இருக்க வேண்டும். நடுவில் யாராவது உரிமக் குறிப்பு சேர்க்கும் கருவியையோ வடிவம் திருத்தும் கருவியையோ ஓட்டினால் எல்லா எண்ணும் தவறு.

---

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. புரொடக்‌ஷனில் ஓடும் லாக் பாதையில் கிளாஸ் பைட்டைத் திறந்து படிக்கும் குறியீடு வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிழையைப் பதிவு செய்யும் இடம் எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அந்த மொழிபெயர்ப்பு வகுப்பிலேயே பிழை வந்தால் மூலப் பிழையையும் சேர்த்து இழப்போம்.

எங்கள் முறை: பில்ட் சர்வரில் ஜேஎஸ்பிசி எழுதிய ஜாவா கோப்புகளையும் எஸ்மேப் கோப்புகளையும் பில்ட் எண் போட்டு ஒரு ஜிப்பாக வாரின் பக்கத்திலேயே சேமிக்கிறோம். அழிப்பதில்லை. லாகின் முதல் வரியில் பில்ட் எண் உண்டு. பிழை வந்தால் அந்த ஜிப்பை எடுத்து, லாகைக் கொடுத்தால் வரிகளை மாற்றித் தரும் ஸ்கிரிப்ட்டை நம் கணினியில் ஓட்டுகிறோம். சர்வரில் எந்த மாற்றமும் இல்லை. கரிசல் எழுதிய அதே பாகுபடுத்தும் வேலைதான், இடம் மட்டும் வேறு.

அதோடு ஒரு பயன், உருவான ஜாவாவே கையில் இருப்பதால் வரைபடம் இல்லாத வரியில் பிழை வந்தாலும் நேராகப் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் மேப்ட் ஆப்ஷனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜேஎஸ்பிசியில் இயல்பாக ஆஃப். ஆன் செய்தால் எச்டிஎம்எல்லின் ஒவ்வொரு வரிக்கும் தனி ரைட் அழைப்பு எழுதும், ஆஃப் என்றால் நீண்ட எச்டிஎம்எல் பகுதியைச் சேர்த்து எழுதிவிடும். வரி வரியாக டீபக் செய்ய அது நன்றாக இருக்கும் என்று எல்லாப் பக்கத்துக்கும் ஆன் செய்துவிடாதீர்கள். ஜேவிஎம்மில் ஒரு மெத்தடின் பைட்கோடு 65,535 பைட்டுக்கு மேல் போக முடியாது. பழைய பெரிய பக்கங்களில் ஜேஎஸ்பி சர்வீஸ் மெத்தட் ஏற்கனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் ஓர் அழைப்பு சேர்ந்தால் கோடு டூ லார்ஜ் என்று கம்பைலே நின்றுவிடும். பிழை எப்படியும் வெறும் எச்டிஎம்எல் வரியில் வருவதில்லை, ஸ்கிரிப்ட்லெட்டிலும் எக்ஸ்பிரஷனிலும் டேக்கிலும்தான் வருகிறது. அவற்றுக்கு மேப்ட் இல்லாமலே வரைபடம் சரியாக இருக்கும்.

---

கரிசல் எழுதியது:

மேப்ட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, எங்களுக்கும் இரண்டு பக்கங்கள் அப்படி நின்றன.

லாக் பாதை பற்றி: பயம் நியாயமானது. நாங்கள் மொழிபெயர்ப்பு முழுவதையும் ட்ரை-கேட்சுக்குள் வைத்து, எது தவறினாலும் மூல ஸ்டேக்கையே தொடாமல் எழுதுகிறோம். இரவு இரண்டு மணிக்கு லாகைப் பார்ப்பவர் கையில் ஜிப்பும் ஸ்கிரிப்ட்டும் இருக்காது, அவருக்கு வரி உடனே தெரிய வேண்டும். எங்களுக்கு அது முக்கியமாக இருந்தது. ஆனால் ஜிப் வைப்பதையும் செய்யுங்கள், அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

---

மருதம் எழுதியது:

ஜாவாவுக்கு வெளியே இருப்பவள், ஒரு சின்னக் குறிப்பு மட்டும். மற்ற டெம்ப்ளேட் மொழிகளில் இதே கேள்விக்கு வேறு வேறு பதில் தந்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்த்தால் எஸ்மேப் ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்கும்.

டாட்நெட்டின் ரேசரில் உருவான சி ஷார்ப் குறியீட்டுக்குள்ளேயே எண்குறியோடு லைன் என்ற டைரக்டிவ் எழுதப்படும், இதற்கு அடுத்து வருவது இந்த டெம்ப்ளேட்டின் இத்தனையாவது வரி என்று. கம்பைலர் அதை மதித்து பிடிபி என்ற டீபக் தகவல் கோப்பில் டெம்ப்ளேட் வரியையே எழுதிவிடும், பிடிபி கூட இருந்தால் ஸ்டேக் டிரேஸிலும் டெம்ப்ளேட்டின் பெயர்தான் வரும். சி ஷார்ப் 10-இல் வரியோடு நெடுவரிசை வரம்பும் குறிக்கலாம் என்று விரித்தார்கள். ஜாவா மொழியில் அப்படி ஒரு டைரக்டிவ் கிடையாது, அதனால்தான் கம்பைலுக்குப் பிறகு கிளாஸைத் திறந்து செருக வேண்டியிருக்கிறது, அதனால்தான் நடுவில் ஜாவா-சி தனியாக வந்தால் தொலைகிறது.

பைத்தானின் ஜின்ஜாவில் டெம்ப்ளேட்டைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் மாட்யூலுக்குள் டீபக்-இன்ஃபோ என்று ஒரு சரம், 1=12&3=14 என்பது போல. டெம்ப்ளேட் வரி இடப்பக்கம், பைத்தான் வரி வலப்பக்கம். பிழை வந்ததும் ஜின்ஜாவே டிரேஸ்பேக்கைத் திருத்தி எழுதித் தருகிறது, கரிசல் கையால் செய்த அதே வேலை. பிஎச்பியின் ட்விக்கிலும் கம்பைலான கிளாஸில் கெட்-டீபக்-இன்ஃபோ என்ற மெத்தட் இந்த எண் ஜோடிகளைத் திருப்பித் தரும். நான் தினமும் ட்விக்தான் எழுதுகிறேன், வரைபடம் கம்பைலான கோப்புக்கு உள்ளேயே இருப்பது எவ்வளவு நிம்மதி என்று இந்த உரையாடலைப் படித்த பிறகுதான் தெரிகிறது.

---

வடக்குத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

டாம்கேட் பதிப்பு வேறாகத்தான் இருந்தது. பில்ட் சர்வரில் இருந்த ஜார்களையே என் கணினிக்குக் கொண்டுவந்து, புரொடக்‌ஷனுக்குப் போன அதே கமிட்டை எடுத்து, எஸ்மேப்பை ஆன் செய்து மறுபடி உருவாக்கினேன். வரைபடம் இல்லாமல் போன பில்ட் அது, ஆகவே இதைவிட நெருங்க முடியாது. உருவான கிளாஸின் லைன் நம்பர் டேபிளை சர்வரில் இருந்த கிளாஸின் டேபிளோடு ஜாவா-பியில் ஒப்பிட்டேன். ஸ்டேக் டிரேஸ் சொன்ன மெத்தடில் இரண்டிலும் 487 இருந்தது. அங்கிருந்து வரைபடம் காட்டியது ஆர்டர்-லிஸ்டை அல்ல, அது டைரக்டிவாக இன்க்ளூட் செய்யும் பிரைஸ்பாக்ஸ்.ஜேஎஸ்பிஎஃப் கோப்பை. பழைய டாம்கேட் எழுதிய உதாரணத்தைப் போலவே கோப்பு எண் 1. தள்ளுபடி விலை இல்லாத பொருளுக்கு அந்தத் துண்டு தள்ளுபடியின் சதவீதத்தைக் கேட்கிறது, அது நல். எங்கள் டெஸ்ட் டேட்டாவில் எல்லாப் பொருளுக்கும் தள்ளுபடி போட்டு வைத்திருந்தோம். இரண்டு நாளாக நான் அந்தத் துண்டுக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இனி பில்டில் ஜேஎஸ்பிசியே கம்பைல் செய்யும், சப்ரெஸ்ட் ஃபால்ஸ், மேப்ட் ஆஃப். தூத்துக்குடிக்காரன் சொன்ன ஜிப் இன்று முதல் பில்ட் எண்ணோடு சேமிக்கப்படுகிறது. கரிசலின் லாக் வகுப்பை அடுத்த வாரம் டெஸ்ட் சர்வரில் மட்டும் வைத்துப் பார்க்கப் போகிறேன், குழுவில் ஒருவருக்கு தூத்துக்குடிக்காரனின் அதே தயக்கம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. டேக் கோப்புகள், அதாவது டேக் என்ற நீட்சியோடு வெப்-இன்ஃப் கீழே வைப்பவை, அவையும் தனி கிளாஸாகத்தானே வருகின்றன? அவற்றிலும் வரைபடம் இருக்குமா?

---

பழைய டாம்கேட் எழுதியது:

ஆமாம், தனி கிளாஸ், ஆர்க்.அப்பாச்சி.ஜேஎஸ்பி.டேக் என்ற பேக்கேஜின் கீழ் வரும். கரிசலின் வகுப்பு பெயரின் தொடக்கத்தை மட்டும் பார்ப்பதால் அவையும் அதில் அகப்படும். வரைபடம் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு மட்டும் யார் வார்த்தையையும் நம்ப வேண்டாம், உங்கள் பில்டில் வரும் ஒரு டேக் கிளாஸை எடுத்து ஜாவா-பி ஓட்டிக் கண்ணால் பாருங்கள்.